இணைய ஏலத்தில் ஆள் வைத்து விலை ஏற்றுகிறார்கள், கவனம்

ஸ்டாம்ப், பழைய நாணயம் வாங்குபவர்கள் கட்டாயம் படியுங்கள். 1948-ல் வெளியான காந்தி ஸ்டாம்புகளில் 10 ரூபாய் ஸ்டாம்ப் ஒன்று ஏலத்துக்கு வந்தது. உச்ச விலையாக 9,000 போட்டு வைத்தேன். அப்படிப் போட்டுவிட்டால் மற்றவர்கள் கேட்கக் கேட்க நமக்காகத் தளமே கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும், நம் உச்சம் விற்பவருக்குத் தெரியாது. ஆனால் அதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது.

ஒரு பயனர் கணக்கு இருநூறு இருநூறாக ஏற்றிக்கொண்டே வந்து, 9,200-ல் என்னைத் தாண்டியதும் சட்டென்று நின்றுவிட்டது. சரி, கை நழுவிப்போச்சு என்று இருந்தேன். மறுநாளே விற்பவரிடமிருந்து செய்தி: ஏலம் எடுத்தவர் பணம் கட்டவில்லை, உங்கள் விலைக்கே தருகிறேன். அதாவது முழு 9,000. பணம் அனுப்பிய பிறகு ஏல விவரத்தைப் பார்த்தால், அந்த ஒரு கணக்கு இல்லாவிட்டால் 5,400-க்கே எனக்குக் கிடைத்திருக்கும். வயிறு எரிகிறது.

ஏலம் கேட்பவரின் பெயரைத் தளம் பாதி மறைத்தாலும் நடத்தை காட்டிக்கொடுக்கும். அந்தக் கணக்கு கேட்டதெல்லாம் பெரும்பாலும் இதே விற்பவரிடம், வாங்கியது ஒன்றுமில்லை. கடைசி நிமிடங்களில் எட்டிப் பார்ப்பதே இல்லை, ஏனென்றால் பொருள் அவர்களிடமே தங்கிவிடக் கூடாது. நம் உச்சத்தைத் தாண்டும் பெரிய விலை ஒன்றைக் கேட்டு, உச்சம் தெரிந்ததும் விலையைத் தப்பாக அடித்துவிட்டேன் என்று பின்வாங்கி, அதற்குச் சற்றுக் கீழே வேறு கணக்கில் வந்து கேட்பவர்களும் உண்டு. புதுக் கணக்கு என்பதற்காக மட்டும் யாரையும் சந்தேகப்படாதீர்கள், இவை சேர்ந்து வந்தால்தான் விஷயம்.

தளத்தில் புகார் செய்தேன், விதிமீறல் எதுவும் இல்லை என்று எல்லோருக்கும் அனுப்பும் பதிலே வந்தது. இங்கிலாந்தில் ஈபேயில் தன் வண்டிக்குத் தானே விலை ஏற்றியவருக்கு 2010-ல் 5,000 பவுண்டு அபராதம் போட்டார்கள். நம் நாட்டிலும் 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64-ஆம் பிரிவுப்படி, விற்பவர் பொய்யாக ஏலம் கேட்க வைத்து விலை ஏற்றினால் வாங்கியவர் அந்த விற்பனையையே ரத்து செய்யலாம். இதைச் சொல்லி, ஸ்கிரீன்ஷாட்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிந்திருக்கிறேன்.

ஏலம் எடுத்தவர் ஓடிவிட்டார், நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள் என்று செய்தி வந்தால், அந்த ஆள் கேட்ட விலைகளை நீக்கிவிட்டு என்ன விலை வருகிறதோ அதை மட்டும் தருவதாகச் சொல்லுங்கள். அதே கணக்கு இப்போது திருவிதாங்கூர் ஸ்டாம்ப் ஒன்றுக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறது, அதில் கேட்டிருப்பவர்கள் உடனே ஏல விவரத்தைத் திறந்து பாருங்கள்.