வீட்டுக்குள் மிளகாய்: தொட்டி 5 லிட்டரா, 10 லிட்டரா, 20 லிட்டரா?

60 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம். விளக்கு வெளிச்சத்தில் மிளகாய் வளர்க்க என்னிடம் இருக்கும் இடம் அவ்வளவுதான். அந்தச் சதுரத்துக்குள் 5, 10, 20 லிட்டர் என மூன்று அளவுத் தொட்டிகளையும் வைத்துப் பார்த்துவிட்டேன். இப்போது அங்கே நிற்பவை நான்கும் 10 லிட்டர் தொட்டிகள். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன், இனி காரணங்கள்.

பெரிய தொட்டியில் செடி பெரிதாக வளரும். அதில் விவாதமே இல்லை. தொட்டி அளவைப் பற்றிய பல சோதனைகளைத் திரட்டி 2012-இல் வெளியான ஆய்வு ஒன்று, கொள்ளளவை இரட்டிப்பாக்கினால் செடியின் மொத்த எடை சராசரியாக 43 விழுக்காடு கூடுகிறது என்று கண்டது. இரண்டு மடங்கு மண் போட்டாலும் இரண்டு மடங்கு செடி வருவதில்லை என்பதையும் அந்த எண்ணே சொல்லிவிடுகிறது. விளக்கின் வெளிச்சம் ஓர் அளவோடு நின்றுவிடும் சிறிய இடத்தில், கூடுதல் மண்ணின் பயன் இன்னும் சீக்கிரமே தேய்ந்துவிடும்.

இடக்கணக்கும் எளிதுதான். என் 5 லிட்டர் தொட்டியின் வாயகலம் 22 செ.மீ., 10 லிட்டருக்கு 27 செ.மீ. வரிசையாக வைத்தால் இரண்டிலுமே நான்குதான் வைக்க முடிகிறது. சின்னத் தொட்டி வாங்கினால் செடி எண்ணிக்கை கூடும் என்று நம்பியிருந்தேன், கூடவில்லை. 34 செ.மீ. அகலமுள்ள 20 லிட்டர் தொட்டிகள் அருகருகே இரண்டு நிற்காது. எதிரெதிர் மூலைகளில் நெருக்கி வைத்தால் இரண்டு அடங்கும். நனைந்த மண்ணோடு ஒவ்வொன்றும் 15 கிலோவைத் தாண்டும் என்பதால், கீழே துடைக்க நகர்த்துவதே ஒரு வேலையாகிவிடும்.

ஆனால் என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது விளைச்சலும் அல்ல, இடமும் அல்ல. ஒருமுறை தண்ணீர் ஊற்றினால் எத்தனை நாள் தாங்கும் என்ற ஒரே கேள்விதான்.

இதை ஊகமாகச் சொல்லவில்லை, எடை போட்டுப் பார்த்தேன். தொட்டியைத் தராசில் வைத்தால் குறையும் ஒவ்வொரு கிராமும் ஒரு மில்லிலிட்டர் தண்ணீர். காய்பிடித்த நிலையில் இருந்த என் செடி ஒன்று ஒரு நாளில் 600 கிராம் வரை இழந்தது. தென்னை நார்க்கழிவு கலந்த 5 லிட்டர் மண்கலவை, வடிந்து முடிந்தபின் ஏறக்குறைய இரண்டரை லிட்டர் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. அதில் பாதியைத்தான் செடி சிரமமில்லாமல் உறிஞ்சும். மீதி, மண் துகள்களோடு இறுக ஒட்டியிருக்கும். ஆகவே இரண்டு நாள்தான் கெடு. மூன்றாம் நாள் காலை இலைகள் தொங்கிவிடும். அதே செடிக்கு 10 லிட்டர் இருந்தால் கெடு நான்கு நாளாகிறது. இரண்டு நாளுக்கும் நான்கு நாளுக்கும் உள்ள இந்த வித்தியாசத்தில்தான் வெளியூர்ப் பயணமும் காய்ச்சலும் வேலைப்பளுவும் அடங்கிவிடுகின்றன.

ஒருமுறை மூன்று நாள் வீட்டில் இல்லாமல் இருந்தேன். திரும்பி வந்தபோது 5 லிட்டர் செடிகள் துவண்டு கிடந்தன. மேலிருந்து ஊற்றிய தண்ணீர், சுருங்கிப்போன மண்ணுக்கும் தொட்டிச் சுவருக்கும் இடையில் இறங்கி அப்படியே வெளியே ஓடியது; காய்ந்த நார்க்கழிவு எளிதில் நனையாது. தட்டில் தண்ணீர் நிரப்பி, தொட்டியை அதில் உட்கார வைத்துத்தான் மண்ணை நனைக்க முடிந்தது. மாலைக்குள் இலைகள் நிமிர்ந்துவிட்டன, தப்பித்தோம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் பூக்கள் கொத்துக் கொத்தாக உதிர்ந்தன. பிடித்திருந்த காய்களில் சிலவற்றின் நுனி பழுப்பாகிக் குழிந்தது. சுண்ணாம்புச் சத்து தண்ணீரோடுதான் காய்க்குப் போய்ச் சேருகிறது. தண்ணீர் விட்டுவிட்டுக் கிடைத்தால், மண்ணில் சத்து இருந்தும் காய்க்குப் பற்றாக்குறைதான். நிமிர்ந்த இலையைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது என்பதை அந்தக் காய்களைப் பறித்தெறிந்தபோது உணர்ந்தேன். உரத்திலும் இதே நெருக்கடி உண்டு. கொஞ்சம் மண்ணில் அளவு சற்றுக் கூடினாலே உப்பு தேங்கி, இலையோரம் கருகத் தொடங்கிவிடுகிறது.

அப்படியானால் 20 லிட்டருக்கே போய்விடலாமே என்று நானும் நினைத்தேன். நாற்றை நேரடியாக அதில் நட்டேன். ஒரு கைப்பிடி வேருக்கு 20 லிட்டர் ஈரம். நடுமண் வாரக்கணக்கில் உலரவே இல்லை. ஈர மேல்மண்ணில் முட்டையிடும் சிறு கருப்பு ஈக்கள் வந்தன, இலை வெளிறியது, ஏறத்தாழ ஒரு மாதம் வளர்ச்சி நின்றது. தண்ணீரைவிட, வேருக்குக் காற்று கிடைக்காததுதான் அங்கே சிக்கல். படிப்படியாகத் தொட்டி மாற்றியிருந்தால் இது நேர்ந்திருக்காது. 20 லிட்டரில் நான் வளர்த்தது ஒரே செடி, அதுவும் ஒரு பருவம் மட்டும் என்பதால், அந்த அளவைப் பற்றிய என் தீர்ப்பை ஒரே செடியின் அனுபவமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மிளகாய் பல ஆண்டு வாழக்கூடிய செடி; ஒரே செடியைக் கவாத்து செய்து ஆண்டுக்கணக்கில் வைத்திருக்க நினைப்பவருக்கு அந்த மண் வீண் போகாது.

5 லிட்டரை முழுக்கத் தள்ளவும் மாட்டேன். முழங்கால் உயரத்தைத் தாண்டாத குட்டை ரகங்களுக்கும், தினமும் காலையில் செடி முகத்தில் விழிப்பவர்களுக்கும் அது போதும். அகலமானதைவிட உயரமானதை வாங்குங்கள். எந்தத் தொட்டியிலும் வடிந்தபின் அடியில் ஒரு ஈர அடுக்கு நின்றுவிடும். அதன் தடிமன் மண்கலவையைப் பொறுத்தது, தொட்டியின் உயரத்தைப் பொறுத்ததல்ல. குட்டையான தொட்டியில் வேரின் பெரும்பங்கு அந்தச் சேற்றிலேயே நிற்க நேரும். அடியில் கூழாங்கல் போட்டாலும் இது தீராது. ஈர அடுக்கு கல்லுக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான்.

துணித் தொட்டிகளில் வேர்கள் சுவரைச் சுற்றி வளைவதில்லை. காற்றுப்பட்ட நுனி காய்ந்து, உள்ளே புதிதாகக் கிளைவிடுகின்றன. ஆனால் பக்கவாட்டிலும் ஈரம் ஆவியாவதால் என் நான்கு நாள் கணக்கு அதில் மூன்றாகக் குறைந்தது. துணித் தொட்டிதான் வேண்டுமென்றால் ஓர் அளவு பெரிதாக எடுப்பேன்.

இப்போது என் வரிசை இதுதான்: நாற்று வளரும் குழித்தட்டிலிருந்து அரை லிட்டர், அங்கிருந்து 2 லிட்டர், பிறகு 10 லிட்டர். தொட்டியைக் கவிழ்த்தால் மண் உதிராமல் வேர்ப்பந்தாக முழுசாக வெளியே வர வேண்டும். அதுவரை அடுத்த தொட்டிக்கு மாற்றுவதில்லை. கடைசி மாற்றத்தை முதல் மொட்டுகள் தெரிவதற்கு முன்பே முடித்துவிடுகிறேன்.