"போர்டு போச்சு" என்றால்: புதுசா, ரிப்பேரா, பழைய போர்டா?

கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் இருக்கும்போது எங்கள் வீட்டு கன்வெக்ஷன் மைக்ரோவேவ் ஓவன் மக்கர் செய்தது. புது வண்ணாரப்பேட்டையில் வீட்டிலிருந்தே கேக் செய்து கொடுக்கிறேன். அந்த வாரம்தான் எனக்கு வருடத்திலேயே பெரிய வாரம். பிளம் கேக் மாவை டின்னில் ஊற்றி வைத்துவிட்டு, ப்ரீஹீட்டுக்கு 180 டிகிரி வைத்து ஸ்டார்ட்டை அழுத்துகிறேன். டிஸ்ப்ளே ஒரு நொடி மங்கியது, அணைந்தது, திரும்ப 0:00 என்று வந்து நின்றது. பத்து தடவை அழுத்தினாலும் அதேதான்.

வந்த சர்வீஸ் ஆள் பத்து நிமிடம் பார்த்தார். "போர்டு போச்சுக்கா. புதுசு 5,400 ஆகும், வர ஒரு வாரம்." போர்டு என்றால் பட்டன், டிஸ்ப்ளே, சூடு எல்லாவற்றையும் கட்டுப்படுத்தும் சர்க்யூட் அட்டை. தண்டையார்பேட்டையில் போர்டு வேலை மட்டும் பார்க்கும் ஒரு அண்ணனிடம் அன்று மாலையே தூக்கிக்கொண்டு போனேன். 900 ரூபாயில் மறுநாள் கையில் கொடுத்தார். அப்புறம் தங்கை வீட்டு ஓவன், மாமியார் வீட்டு ஓவன் என்று இரண்டு கதை சேர்ந்துவிட்டதால், புது போர்டு, ரிப்பேர், வேறு ஓவனில் கழற்றிய பழைய போர்டு என்ற மூன்று வழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்று: போனது போர்டுதானா என்று தெரியாமல் எந்த வழிக்கும் பணம் கட்டாதீர்கள். ஓவனைத் திறக்காமலே பாதி தெரிந்துவிடும். டிஸ்ப்ளே நன்றாக எரிகிறது, ஒன்றிரண்டு பட்டன் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் முதல் சந்தேகம் கீபேட் மேல். டிஸ்ப்ளே இருக்கிறது, கதவை அழுத்திப் பிடித்தால் மட்டும் ஓடுகிறது என்றால் கதவின் கொக்கிக்குப் பின்னால் இருக்கும் சின்ன ஸ்விட்சுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றுமே எரியவில்லை என்றால் முதலில் பிளக் பாயின்ட், அடுத்து உள்ளே இருக்கும் பியூஸ். கன்வெக்ஷனில் மட்டும் எரர் காட்டினால் வெப்பத்தை அளக்கும் சென்சார் அறுந்திருக்கலாம். அது தனியாகவே கிடைக்கும். 'டக்' என்று ரிலே (போர்டு சொன்னதும் மின்சாரத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) சத்தம் கேட்டும் சூடு வரவில்லை என்றால் போர்டு உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். கோளாறு ரிலேயின் முனையிலோ அதற்கு அடுத்த பாகத்திலோ இருக்கும். ஸ்டார்ட்டைத் தொடாமலே, கதவைச் சாத்தியதும் ஓட ஆரம்பிக்கிறதா? உடனே பிளக்கை உருவிவிடுங்கள். ரிலே முனை ஒட்டிக்கொண்டிருக்கலாம், அதை வைத்து ஒரு டம்ளர் பால்கூடச் சூடாக்க வேண்டாம்.

உறையைக் கழற்றிப் பார்க்கும் ஆசையே வேண்டாம். மைக்ரோவேவின் உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் உண்டாகிறது. அங்கே இருக்கும் பெரிய கன்டென்சர், பிளக்கை எடுத்த பிறகும் ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

சரி, போர்டுதான் என்று உறுதியாகிவிட்டது. என் ஓட்டு முதலில் ரிப்பேருக்குத்தான். காரணத்தை அந்த அண்ணன் லென்ஸ் வைத்தே காட்டினார். போர்டைத் திருப்பிப் பிடித்து, "இங்க பாரும்மா" என்றார். ரிலேயின் கால் போர்டோடு சேரும் இடத்தில், ஈயத்தைச் சுற்றி முடி மாதிரி ஒரு வட்டக் கீறல். சூடாகி ஆறி, சூடாகி ஆறி, ஈயம் விட்டுப்போயிருக்கிறது. முன்பக்கம் ஒரு சின்ன கன்டென்சரின் தலை உப்பியிருந்தது. மீட்டரை வைத்தார்: சும்மா இருக்கும்போது 12 வோல்ட், ரிலே இழுத்த அடுத்த கணம் முள் சரிந்தது. 12 வோல்ட் சரிந்தால் அதிலிருந்து பிரியும் 5 வோல்ட்டும் சரியும், போர்டின் மூளையான சிப் மயங்கி எழுந்திருக்கும். நான் பார்த்த அந்த 0:00 அதுதான். கன்டென்சரின் விலை ஒரு டீ காசு. மிச்சம் அவர் கைக்கூலி, அதை நான் மனதாரக் கொடுத்தேன். கன்டென்சர், ரிலே, விட்டுப்போன ஈயம், வோல்டேஜ் ஏறினால் தன்னைப் பலிகொடுக்கும் வேரிஸ்டர் எல்லாமே இப்படிச் சரிசெய்யக்கூடியவை. மழைக்காலத்தில் தெருவில் நியூட்ரல் கம்பி அறுந்து 230 வரவேண்டிய வீட்டுக்கு 400 பக்கம் வந்துவிட்டால் பெரும்பாலும் முதலில் வெடிப்பது அந்த வேரிஸ்டரும் பியூஸும்தான். பார்க்கப் பயங்கரமாகக் கருகியிருக்கும், பல நேரம் போர்டு பிழைத்திருக்கும்.

ரிப்பேரின் குறை, அது முழுக்க ஆளைப் பொறுத்தது. மீட்டர் வைத்துப் பார்க்காமல் கண்ணில் பட்டதையெல்லாம் மாற்றுகிறவரிடம் கொடுத்தால் போர்டில் மின்சாரம் ஓடும் செம்புக் கோடான நல்ல ட்ராக்கும் பெயர்ந்துவிடும். கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் தயங்காமல் கொடுப்பார். வாரண்டி இருக்கும் ஓவனை வெளியே கொடுக்கவே கூடாது.

புது போர்டுதான் சரி என்று நான் ஒப்புக்கொண்டது எர்ணாவூரில் இருக்கும் தங்கை வீட்டு ஓவனுக்கு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்த வெள்ளம் வந்தது நினைவிருக்கும். அவர்கள் வீட்டில் தண்ணீர் இடுப்பளவு. காயவைத்துப் போட்டார்கள், இரண்டு மாதம் ஓடியது, அப்புறம் டிஸ்ப்ளேயில் எழுத்துகள் பாதி பாதியாக வந்தன. போர்டை எடுத்துப் பார்த்தால் சிப்பின் கால்களுக்கு நடுவே பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கிறது. ஒரு இடத்தைச் சுத்தம் செய்தால் இன்னொரு இடம் அரிக்கும். சிப் போயிருந்தாலும் இதே முடிவுதான், ஏனென்றால் அதற்குள் அந்த மாடலுக்கென்று எழுதிய புரோகிராம் இருக்கிறது. வெறும் சிப்பைக் கடையில் வாங்கிப் போட்டுப் பயனில்லை. புது போர்டுக்கு 4,800 ஆனது. விலை வலிக்கும், ஆனால் ரிலே, கன்டென்சர், ஈயம் எல்லாம் புதுசாக வரும், கம்பெனி மூலம் மாட்டினால் போர்டுக்கு வாரண்டியும் கேட்டு வாங்கலாம். பழைய மாடல்களுக்குச் சில சமயம் போர்டே வராது, முன்பணம் கட்டும் முன் அதைக் கேட்டுவிடுங்கள்.

பழைய போர்டைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. பெரம்பூரில் இருக்கும் மாமியார் ஓவனுக்கு எலக்ட்ரானிக் பாகங்கள் விற்கும் ரிச்சி தெருவில் தேடினோம். வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் ஒரே வண்டியில் அரசினர் தோட்டம், அங்கிருந்து நடை. அதே கம்பெனி, அதே லிட்டர் ஓவனின் கழற்றிய போர்டு 1,500-க்குக் கிடைத்தது. கனெக்டர்களும் பொருந்தின. ஆனால் மாடல் எண்ணின் கடைசி இரண்டு எழுத்து வேறு. கிரில் அழுத்தினால் அதற்குப் பதில் ஃபேன் ஓடியது. எண் ஒத்துப்போயிருந்தாலும், அது எந்தச் சமையலறையில் எத்தனை வருடம் வெந்தது என்று நமக்குத் தெரியாது. ஏ.சி.க்கு எந்த மாடலுக்கும் பொருத்தும் யுனிவர்சல் போர்டு போடுகிறார்களே என்று ஒருவர் கேட்டார். ஓவனில் கதவு திறந்தால் நின்றாக வேண்டும் என்ற கணக்கு இருக்கிறது, அதில் ஒட்டுப்போடுவதை நான் ஏற்கமாட்டேன். புது போர்டு வருவதே நின்றுபோய், எழுத்துக்கு எழுத்து அதே எண் கிடைத்து, ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துத் திருப்பித் தரவும் கடைக்காரர் சம்மதித்தால் மட்டும் வாங்கலாம். மாமியார் கடைசியில் திருகும் குமிழ் வைத்த ஓ.டி.ஜி. (மைக்ரோவேவ் இல்லாமல் கம்பிச் சூட்டில் வேகவைக்கும் ஓவன்) வாங்கிக்கொண்டார். அதில் போர்டே இல்லை. கேக்குக்கு அது போதும், பால் சூடாக்க மட்டும் ஆகாது.

ரிப்பேர் முடிந்ததும் அண்ணன் போர்டின் ஈயப் பக்கம் முழுக்க ஒரு வார்னிஷ் பூசினார். "காசிமேட்டுக் காத்து இது, உப்பு எல்லாத்தையும் தின்னும். அடுப்புத் திட்டுல ஜன்னலுக்கு நேரா வெக்காதம்மா" என்றார். ஓவனை உள்சுவர்ப் பக்கம் நகர்த்தி, பின்னால் ஒரு கை நுழையும் இடம் விட்டிருக்கிறேன். வேலை முடிந்ததும் சுவர் ஸ்விட்சை அணைத்துவிடுகிறேன். ஒவ்வொரு முறையும் கடிகாரத்தைத் திருப்பி வைக்க வேண்டியிருக்கிறது, பரவாயில்லை. அந்த உப்பிய கன்டென்சரை எசென்ஸ் பாட்டில்களுக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். "போர்டு போச்சாம்" என்று யாராவது வந்து சொன்னால் எடுத்துக் காட்டுவேன்.