பெயரை மாற்றிய சங்கமும் மாற்றாத கூட்டமைப்பும்

மனையியல் துறையில் ஏறக்குறைய ஒரே வயதுடைய இரு அமைப்புகளை ஒப்பிடலாம்: ஒன்று, 1908-இல் சுவிட்சர்லாந்தின் ஃப்ரீபூர் நகரில் தோன்றிய பன்னாட்டு மனையியல் கூட்டமைப்பு, மற்றொன்று, 1909-இல் உருவான அமெரிக்க மனையியல் சங்கம்.

அமெரிக்கச் சங்கத்தின் வேர், 1899-இல் நியூயார்க் மாநிலத்தின் லேக் பிளாசிட்டில் தொடங்கிய மாநாடுகளில் உள்ளது. அதன் முதல் தலைவரான எலன் ரிச்சர்ட்ஸ் ஒரு வேதியியலாளர். 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அவர் நடத்திய சமையற்கூடத்தில், பரிமாறிய உணவின் புரதம், கொழுப்பு ஆகியவற்றின் அளவுகளும் எழுதிக் காட்டப்பட்டன. (இன்றைய பொட்டல உணவு அட்டைகளுக்கு இது மூத்தது.)

இருந்தும், 'சமையலும் தையலும்' என்ற ஏளனம் துறையை விடவில்லை. அதன் கல்லூரிகளை நிர்வகித்தவர்களுக்குப் பெயரே சுமையாயிற்று. கார்னெல் பல்கலைக்கழகம் 1969-இல் தன் மனையியல் கல்லூரியை மனிதச் சூழலியல் கல்லூரி ஆக்கியது. சங்கமும் 1994-இல் குடும்ப, நுகர்வோர் அறிவியல் சங்கமாயிற்று.

கூட்டமைப்போ பழைய பெயரையே வைத்திருக்கிறது. பல நாடுகளை இணைக்கும் அமைப்புக்கு அதுவே வசதி என்பேன். தவிர, கல்லூரிக்குக் கல்லூரி வேறு பெயர் சூட்டிக்கொண்டதில் அமெரிக்கத் துறை தன் அடையாளத்தையே சிதறவிட்டது.