ஹெட்லைட்டுக்குள் ஈரம்: சிலிக்கா ஜெல்லா, ரப்பர் மூடியா?

போன ஐப்பசி மழையில் எங்கள் காரின் இடது ஹெட்லைட்டுக்குள் தண்ணீர் கோத்துக்கொண்டது. வெளிச்சம் சாலையில் விழாமல் உள்ளேயே சிதறியது. தேங்கிய மழைத்தண்ணீரில் பள்ளம் எது, மேடு எது என்று தெரியாமல் வேளச்சேரியிலிருந்து வீடு வந்து சேர்ந்தேன். மறுநாளே இதற்கு ஒரு வழி பார்த்தாக வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

எல்லா ஈரமும் கோளாறு இல்லை. காலையில் லேசாக ஆவி படிந்து, விளக்கைப் போட்டு அரை மணி நேரம் ஓட்டியதும் மறைந்துவிட்டால் அப்படியே விட்டுவிடுங்கள். சொட்டுச் சொட்டாக வழிந்தாலோ, அடியில் குட்டையாக நின்றாலோ எங்கோ வழி திறந்திருக்கிறது.

முதலில் நான் நம்பியது ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லை. பல்ப் பக்கத்து ரப்பர் மூடியைத் திறந்து இரண்டு பொட்டலங்களை உள்ளே வைத்தேன். இரண்டு நாளில் கண்ணாடி தெளிந்தது. அடுத்த மழைக்கே பழையபடி ஆனது. கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் புரிகிறது. சிலிக்கா ஜெல் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு, அதிகம் போனால் 40 சதவீதம் வரைதான் ஈரத்தைக் குடிக்கும். 5 கிராம் பொட்டலம் 2 கிராம் தண்ணீருக்கே நிறைந்துவிடும். ஒரு டீஸ்பூன் தண்ணீரே 5 கிராம். போதாக்குறைக்கு அது சென்னையின் கடல்காற்றையும் சேர்த்துக் குடிக்க வேண்டும். இன்னொன்று: ஹாலஜன் பல்ப் எரியும்போது அதன் சூடு பயங்கரம். பொட்டலம் உருண்டு பல்பில் பட்டால் கருகிவிடும்.

ஆகவே எந்த வழியை எடுத்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஈரம் திரும்ப வருமா? ஹெட்லைட் மூச்சுவிடும் பொருள். பல்ப் எரியும்போது உள்ளே காற்று சூடாகி விரிந்து பின்பக்கக் குழாய் வழியே வெளியேறும். அணைத்ததும் குளிர்ந்து, வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். சூடான விளக்கின் மேல் மழையோ, வாட்டர் சர்வீஸில் அடிக்கும் தண்ணீரோ விழுந்தால் இந்த இழுப்பு இன்னும் வேகமாக நடக்கும். அந்த நேரத்தில் மூடியில் ஒரு நூலளவு இடுக்கு இருந்தால் காற்றோடு தண்ணீரும் உள்ளே போய்விடும். அந்த இடுக்கை அடைக்காமல் எத்தனை முறை உலர்த்தினாலும் பலன் இல்லை.

தெருமுனை ஆட்டோ எலெக்ட்ரீஷியன் கேட்டதும் அதைத்தான். "அண்ணே, பல்ப் மாத்துனப்ப மூடியைச் சரியா போட்டீங்களா?" கழற்றிப் பார்த்தோம். ரப்பர் மூடியின் கீழ் விளிம்பு காதுமடல் போல உள்பக்கம் மடிந்திருந்தது. நான்கு மாதம் முன்பு பல்ப் மாற்றியபோது நான்தான் அப்படி மாட்டியிருக்கிறேன். 'டாப்' என்று பொறித்த பக்கம் மேலே வரவேண்டும். என்னுடையது பக்கவாட்டில் திரும்பிக் கிடந்தது. காற்றுக்குழாயின் வாயில் குளவி மண் வைத்து அடைத்திருந்தது.

விளக்கை வண்டியிலிருந்து கழற்றி, பல்பை எடுத்துவிட்டு, ஹேர் டிரையரை மிதமான சூட்டில் ஓரடி தள்ளிப் பிடித்து உலர்த்தினேன். முக்கால் மணி நேரம் ஆனது. அவசரப்பட்டுத் துணியை உள்ளே விட்டுத் துடைக்காதீர்கள். வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் வெள்ளிநிறப் பூச்சு உரிந்தால் வெளிச்சமே போய்விடும். பல்பின் கண்ணாடியையும் விரலால் தொடக்கூடாது. குழாயைச் சுத்தம் செய்து, 150 ரூபாய்க்குப் புது ரப்பர் மூடி போட்டேன். கார்த்திகை மழை முழுக்க ஒரு சொட்டுகூட இல்லை. என் ஓட்டு இதற்குத்தான்.

அடியில் துளை போட்டு வடியவிடுவதை நான் ஏற்கவில்லை. தண்ணீர் போகிற வழியில் தூசியும் பூச்சியும் வரும்.

விளக்கின் முன்கண்ணாடியைச் சுற்றியுள்ள பசையே விட்டிருந்தால் சூடேற்றிப் பிரித்து, பழைய பசையைச் சுரண்டி, பியூட்டைல் என்ற ரப்பர் பசை வைத்து மூடுவார்கள். இது நான் பக்கத்தில் நின்று பார்த்த வேலைதான், கைப்பட செய்ததில்லை. முன்பக்கம் பாலிகார்பனேட் பிளாஸ்டிக். சூடு மிஞ்சினால் நெளியும். சில விளக்குகளில் இருப்பது பிரியாத பசை. பலவந்தம் செய்தால் ஓடு உடையும். என் அனுபவம் ஹெச்4 வகை ஹாலஜன் விளக்கோடு சரி. எல்இடி விளக்கில் முன்கண்ணாடி அவ்வளவு சூடாகாது, ஆவி மறைய இன்னும் நேரம் பிடிக்கும். அதனால் அரை மணிக் கணக்கை அதற்கு அப்படியே பொருத்த வேண்டாம்.

கண்ணாடியில் விரிசல் இருந்தாலோ, உள்ளே வெள்ளிநிறப் பூச்சு கருத்திருந்தாலோ முழு விளக்கையும் மாற்றுவதே சரி. சென்னையின் உதிரிபாகக் கடைத்தெருவான ஜி.பி. ரோட்டில் புதிதாக வாங்கினாலும், புதுப்பேட்டையில் பழையதாக எடுத்தாலும், உங்கள் பழைய மூடியைக் கழற்றி அதில் மாட்டாதீர்கள்.