முதன்மைக் கன்சோல் தம்பி வீட்டில்: எட்டு ஆண்டு அனுபவம்

தென்காசிக்கு மாற்றலாகி வந்த முதல் வாரம். சாமான்கள் பாதிக்கு மேல் அட்டைப்பெட்டியிலேயே இருந்தன. இன்டர்நெட் இணைப்புக் கொடுப்பவர் மூன்றாவது நாளாக "நாளைக்கு வந்துவிடுகிறேன் சார்" என்று சொல்லியிருந்தார். சனிக்கிழமை இரவு, வெளியே சாரல், தூக்கமும் வரவில்லை. கேம் விளையாடும் கன்சோலை மட்டும் பெட்டியிலிருந்து எடுத்து டிவியில் மாட்டினேன். என் கேம்கள் வரிசையாக வந்து நின்றன. டிஸ்க் இல்லாமல் டவுன்லோடாக வாங்கிய ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு குட்டிப் பூட்டு.

அதே நேரத்தில் மதுரையில் தம்பியின் பிள்ளைகள் அதே கேம்களை விளையாடிக்கொண்டிருந்தார்கள். கணக்கு என்னுடையது, காசு என்னுடையது. அங்கே பூட்டு இல்லை.

நடந்தது இதுதான். 2017-இல் வாங்கிய கன்சோலை, 2020-இல் அதே வகையின் வேகமான மாடல் கைக்கு வந்ததும் தம்பி வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். ஒரு கணக்குக்கு ஒரு கன்சோல்தான் 'முதன்மை'. அந்த முதன்மைக் கன்சோலில் யார் வேண்டுமானாலும், இன்டர்நெட் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்தக் கணக்கின் கேம்களை ஆடலாம். மற்ற கன்சோல்களில் கணக்கின் சொந்தக்காரரே உள்ளே நுழைய வேண்டும். நிறுவனத்தின் சர்வர் ஒவ்வொரு முறையும் தலையாட்ட வேண்டும். பிள்ளைகள் ஆடட்டும் என்று பழையதையே முதன்மையாக விட்டுவைத்திருந்தேன். சென்னையில் இணைப்பு நின்றதே இல்லை என்பதால் மூன்று ஆண்டுகள் இந்த விதி இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டைப் போட்டுப் பார்த்தேன். அந்த வீட்டில் சிக்னல் ஓர் இடத்தில்தான் வரும்: சமையலறை ஜன்னல் கம்பி. கைப்பேசியை ஒரு துணி கிளிப்பால் அந்தக் கம்பியில் தொங்கவிட்டபோது பூட்டுகள் மறைந்தன. இருபது நிமிடம் ஆடியிருப்பேன். மழை வலுத்தது, சிக்னல் போயிற்று, உரிமத்தைச் சரிபார்க்க முடியவில்லை என்று ஒரு செய்தி வந்து ஆட்டம் நின்றது. தம்பிக்குப் போன் போட்டு, அங்கே முதன்மையை எடுத்துவிடச் சொன்னேன். போனை அவன் மகள் பிடுங்கிக்கொண்டாள். "பெரியப்பா, நாளைக்கு எடுத்துக்கொள்ளுங்களேன். நான் கடைசி லெவலில் இருக்கிறேன்." என்ன சொல்வது? இணைப்பு வர பதினொரு நாள் ஆயிற்று. அதுவரை என்னிடம் இருந்த டிஸ்க்குகளோடு காலம் தள்ளினேன். அவை யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

எந்த நிறுவனத்தின் கன்சோல் என்று சொல்லப்போவதில்லை. சோனி, மைக்ரோசாஃப்ட் இரண்டிலும் இந்த முதன்மை விதி ஏதோ ஒரு பெயரில் உண்டு; நின்டெண்டோவிலும் 2025 வரை இருந்தது. எட்டு ஆண்டில் அறுபத்தொரு கேம் வாங்கியிருக்கிறேன். நாற்பத்து நான்கு டவுன்லோட், மீதி டிஸ்க். தள்ளுபடியெல்லாம் போக எழுபதாயிரம் ரூபாய்க்குக் குறையாது. கிராஃபிக்ஸ் எப்படி, வேகம் எப்படி என்று சொல்ல நூறு பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல நினைப்பது காசு கொடுத்தவனைக் கன்சோல் எப்படி நடத்துகிறது என்பதைத்தான்.

இந்தப் பூட்டின் வயது எனக்குத் தெரிந்து நாற்பது ஆண்டு. 1985-இல் நின்டெண்டோ தன் என்.இ.எஸ். கன்சோலை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனபோது உள்ளே ஒரு சிப் வைத்தது. கார்ட்ரிட்ஜுக்குள்ளும் அதன் ஜோடி சிப் இருக்கும். இரண்டும் ஒன்றோடொன்று பேசி ஒத்துப்போனால்தான் ஆட்டம் தொடங்கும். இல்லையென்றால் நொடிக்கு ஒருமுறை கன்சோல் அணைந்து எரியும். கம்பெனியின் அனுமதி இல்லாத கார்ட்ரிட்ஜைத் தடுப்பதுதான் நோக்கம். ஆனால் கார்ட்ரிட்ஜ் செருகும் இடத்தில் உலோகக் கால்கள் தேய்ந்துபோனால், அசல் கேமுக்கும் அதே மின்னல்தான். அமெரிக்கப் பிள்ளைகள் ஊதி ஊதிச் செருகியதன் பின்னால் இருந்த காரணங்களில் இதுவும் ஒன்று. தொண்ணூறுகளில் நம் தெருக்களில் 'டிவி கேம்' என்று ஓடிக்கொண்டிருந்த மலிவுப் பெட்டிகள் அதே கன்சோல் குடும்பத்தின் நகல்கள். அவற்றில் அந்தப் பூட்டுச் சிப் கிடையாது. நாங்களும் ஊதினோம், அது தூசிக்காக மட்டும். போலியை வைத்திருந்தவனுக்குத் தொல்லை ஒரு பங்கு குறைவு என்பது அன்றைக்கே தொடங்கிவிட்டது.

கல்லூரியில் படிக்கும்போது என்னிடம் இருந்தது கள்ள டிஸ்க்கும் ஓடும்படி சிப் போட்ட பிளேஸ்டேஷன் 2 என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பர்மா பஜாரில் கள்ள டிஸ்க் ஐம்பது ரூபாய், நாலு வாங்கினால் ஒன்று இலவசம். கம்பெனிகள் பூட்டுப் போட்டதற்கு என்னைப் போன்றவர்களே காரணம் என்றால் மறுக்க மாட்டேன். சம்பளம் வந்த பிறகு ஒழுங்காகக் காசு கொடுத்து வாங்கத் தொடங்கினேன். ஒழுங்கானவன் ஆனதும்தான் பூட்டு என்னைக் கவனிக்க ஆரம்பித்தது.

எனக்குத் தனிப்பட்ட முறையில் அதிகம் வலித்தது டிஸ்க் டிரைவ். நான்காம் ஆண்டில் என் கன்சோல் டிஸ்க்கை விழுங்கிவிட்டு, கொஞ்சம் யோசித்துவிட்டு, வெளியே துப்பத் தொடங்கியது. உத்தரவாதக் காலம் முடிந்திருந்தது. சர்வீஸ் சென்டரில் சொன்ன தொகைக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் பழைய கன்சோலே கிடைக்கும். ரிச்சி தெருவுக்குள் ஒரு மாடிக்கடையில் கொடுத்தேன். பழுதுபார்ப்பவர் என் கண்ணெதிரே பிரித்தார். புது டிரைவ் ஒன்றை மேசையில் வைத்திருந்தார். அதன் அடிப்பகுதியில் உள்ளங்கை அளவு பச்சை போர்டு. அதைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டு, என் பழுதான டிரைவிலிருந்த போர்டை எடுத்து அதில் பொருத்தினார். சன்னமான பட்டை ஒயர்களை நகக்கண்ணால் தள்ளிச் செருகும்போது அவர் மூச்சைக்கூட விடவில்லை.

"புது போர்டையே விட்டால் என்ன?" என்று கேட்டேன்.

"ஓடாது சார். இந்த போர்டும் மதர்போர்டும் கல்யாணம் செய்துகொண்டவை. வேறு எதைக் கொண்டுவந்து வைத்தாலும் டிஸ்க்கைப் படிக்காது. இது எரிந்துபோயிருந்தால் உங்கள் டிஸ்க் எல்லாம் தட்டாக வைக்கத்தான் ஆகும்."

லென்ஸ் போனதால் பிழைத்தேன். போர்டு போயிருந்தால் ஒரு சின்னப் பாகத்துக்காகக் கன்சோலையே மாற்ற வேண்டியிருந்திருக்கும். 2021-இல், பதிப்புரிமைச் சட்ட விலக்குகளை அறிவிக்கும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், கேம் கன்சோலின் டிஸ்க் டிரைவைப் பழுதுபார்ப்பதற்காக மட்டும் இந்தப் பூட்டைத் திறந்தால் குற்றமில்லை என்று விலக்கு அளித்தது. நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை என்கிறது. 'நோக்கத்தோடு' என்ற சொல் அதில் இருப்பது ஆறுதல். மாடிக்கடைக்காரருக்கு இந்த இரண்டும் தெரியாது. 1,800 ரூபாய் வாங்கினார், ஒரு மாதம் உத்தரவாதம் தந்தார்.

அதே 2021-இல் இன்னொரு பேச்சு கிளம்பியது. பிளேஸ்டேஷன் 3, கையடக்கக் கன்சோலான வீட்டா இரண்டின் ஆன்லைன் கடைகளையும் மூடப்போவதாக மார்ச்சில் சோனி அறிவித்தது; எதிர்ப்பு கிளம்பவே ஏப்ரலில் பின்வாங்கியது. இந்தச் சலசலப்பில்தான் பிளேஸ்டேஷன் 4-க்குள் இருக்கும் ஒரு பொட்டு பேட்டரியைப் பலர் கவனித்தார்கள். கைக்கடிகாரக் கடையில் முப்பது ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண வட்ட பேட்டரிதான். கன்சோலின் கடிகாரம் ஓடுவதற்காக. அது தீர்ந்துபோனால் கடிகாரம் குழம்பும். சோனியின் சர்வரோடு தொடர்புகொண்டு நேரத்தைச் சரிசெய்யும்வரை டவுன்லோட் கேம் மட்டுமல்ல, கையில் இருக்கும் டிஸ்க்கும் ஓடாது. என்றைக்காவது அந்த சர்வரை நிறுத்திவிட்டால்? செப்டம்பரில் வந்த 9.00 அப்டேட் இதைச் சரிசெய்துவிட்டது. ஆனால் அந்தத் திருத்தத்தைப் பற்றி வெளிப்படையாக அறிவிக்கவில்லை. ஆர்வலர்கள்தான் பேட்டரியைப் பிடுங்கிப் பார்த்து உலகத்துக்குச் சொன்னார்கள். எனக்கு இதில் கோபத்தைவிட வியப்புதான் அதிகம்: முப்பது ரூபாய் பேட்டரி தீர்ந்தால் 3,999 ரூபாய் டிஸ்க் தட்டாகிவிடும் என்ற ஏற்பாட்டோடு ஏழெட்டு ஆண்டுகள் எல்லாரும் நிம்மதியாக விளையாடிக்கொண்டிருந்திருக்கிறோம்.

சின்னச் சின்ன எரிச்சல்களும் உண்டு. சிங்கப்பூரிலிருந்து மச்சான் கொண்டுவந்த டிஸ்க்குக்கு, இந்தியக் கணக்கில் 1,199 ரூபாய் கொடுத்துக் கூடுதல் அத்தியாயம் வாங்கினேன். டிஸ்க் ஒரு நாட்டு வகை, அத்தியாயம் இன்னொரு நாட்டு வகை. ஒன்றையொன்று தெரியாதவர்கள் போல முகத்தைத் திருப்பிக்கொண்டன. டவுன்லோட் செய்துவிட்டதால் பணம் திரும்பாது என்று பதில் வந்தது. சேமித்த ஆட்டம் இன்னொன்று. பிளேஸ்டேஷன் 4-இல் அதை ஒரு பென்டிரைவில் நகலெடுத்து வைத்துக்கொள்ள முடிந்தது. பிளேஸ்டேஷன் 5 கேம்களுக்கு அந்த வழி இல்லை. நகல் வேண்டுமென்றால் சந்தா கட்டி அவர்களுடைய கிடங்கில்தான் வைக்க வேண்டும். நூற்றைம்பது மணி நேரம் உட்கார்ந்து ஆடியவன் நான், அதை வைத்துக்கொள்ள வாடகையும் நானே கட்ட வேண்டும்.

நியாயமாகச் சில நல்லவற்றையும் சொல்ல வேண்டும். 2017-இல் 499 ரூபாய்க்கு வாங்கிய ஒரு குட்டி கேம் கடையிலிருந்து எப்போதோ எடுக்கப்பட்டுவிட்டது. இருந்தும் என் பட்டியலில் இருந்து நேற்றுகூட மறுபடி டவுன்லோட் ஆயிற்று. தீபாவளிக் காலத் தள்ளுபடியில் டிஸ்க்கை விட டவுன்லோட் மலிவு. தம்பி வீட்டுப் பிள்ளைகள் இத்தனை ஆண்டும் ஓசியில் ஆடியது அந்த முதன்மை விதியால்தான் என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஆனால் மலிவு என்ற கணக்கு முழுக்கணக்கு அல்ல. டிஸ்க்கை முடித்த கையோடு ஒரு மாதத்துக்குள் விற்றால் எனக்கு 2,200 ரூபாய் வரை வந்திருக்கிறது. டவுன்லோடை விற்க வழியே இல்லை.

2013-ஐ நினைத்தால் சிரிப்பு வருகிறது. எக்ஸ்பாக்ஸ் ஒன் வருவதற்கு முன், 24 மணி நேரத்துக்கு ஒருமுறை கன்சோல் இன்டர்நெட்டில் தலைகாட்ட வேண்டும், பழைய டிஸ்க்கைக் கைமாற்றுவதற்கும் கட்டுப்பாடு உண்டு என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அந்த ஆண்டு ஜூனில் சோனி, தங்கள் கேமை நண்பனுக்குக் கடன் கொடுப்பது எப்படி என்று ஒரு வீடியோ வெளியிட்டது: ஒருவர் டிஸ்க்கை நீட்டுகிறார், மற்றவர் வாங்கிக்கொள்கிறார், அவ்வளவுதான். இணையமே ஆர்ப்பரித்தது. சில நாட்களில் மைக்ரோசாஃப்ட் தன் திட்டத்தைக் கைவிட்டது. வாடிக்கையாளர் வென்றார் என்று நானும் நண்பர்களோடு கொண்டாடினேன். பிறகு என்ன ஆயிற்று? 2024 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5 புரோவில் டிஸ்க் டிரைவே இல்லை, வேண்டுமென்றால் தனியாக வாங்க வேண்டும். 2025-இல் வந்த நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2-இல் பல கேம்களின் கார்டுக்குள் கேமே இல்லை; கார்டு வெறும் சாவி, கேமை டவுன்லோட் செய்ய வேண்டும், ஆடும்போது கார்டையும் செருகியிருக்க வேண்டும். இரண்டு வழியின் தொல்லையும் ஒரே பெட்டியில். அன்றைக்கு வாசல் வழியாக வந்ததைத் துரத்தினோம். கொல்லைப்புறமாக வந்ததை நாமே கூடை போட்டு வாங்கினோம்.

டிஸ்க் இருந்தால் மட்டும் போதும் என்றும் இல்லை. யூபிசாஃப்ட் 2014-இல் வெளியிட்ட 'தி க்ரூ' என்ற கார் பந்தய கேம், தனியாளாக ஆடினாலும் சர்வர் வேண்டும் என்ற அமைப்பில் இருந்தது. 2024 மார்ச் 31-இல் சர்வரை நிறுத்தினார்கள். டிஸ்க் வாங்கியவர்களுக்கும் அன்றோடு ஆட்டம் முடிந்தது. இதை எதிர்த்து யூடியூபர் ராஸ் ஸ்காட் தொடங்கிய இயக்கத்துக்கு ஐரோப்பாவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது: கொடுப்பது உரிமம் மட்டுமே என்பதைத் தெளிவாகச் சொல்லாமல், டிஜிட்டல் பொருளுக்கு 'வாங்கு' என்ற பொத்தானைக் காட்டக் கூடாது. தமிழில் இந்தச் சிக்கல் இல்லை. கடன் வாங்குவதும் வாங்குவதுதான், அடி வாங்குவதும் வாங்குவதுதான். பொத்தான் எதைச் சொல்கிறது என்று அவரவர் புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

இப்போது என் வழக்கம் மாறியிருக்கிறது. கதை உள்ள, தனியாக ஆடும் கேம் என்றால் டிஸ்க். வாங்கும் முன் முழு கேமும் டிஸ்க்கில் இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்கிறேன். 2022-இல் வந்த ஒரு பெரிய துப்பாக்கிச் சண்டை கேமின் பிளேஸ்டேஷன் 5 டிஸ்க்கில் இருந்தது நூறு எம்.பி.கூட இல்லை. 500 ரூபாய்க்குக் கீழே என்றால் டவுன்லோட், போனால் போகிறது என்று. முதன்மை இன்னும் தம்பி வீட்டில்தான் இருக்கிறது. கேட்க மனம் வரவில்லை.

போன மாதம் பக்கத்து வீட்டுப் பையன் வந்து ஒரு டிஸ்க் கேட்டான். எடுத்துக் கொடுத்தேன். அவன் கன்சோலில் போட்டதும் ஓடியதாம். ஐந்து வாரம் ஆகிறது, இன்னும் திருப்பித் தரவில்லை. அவன் அம்மாவிடம்தான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.