ரம்பம் பட்டதா, படாததா?

கனடாவில் இருக்கும் சித்தப்பா மகன் இரண்டு படங்களை அனுப்பி, "அண்ணே, எதை வாங்கலாம்?" என்று கேட்டிருந்தான். இரண்டும் பிரிட்டிஷ் ராணுவத்தின் பழைய துப்பாக்கியான .303 லீ-என்ஃபீல்டு ரைபிள்கள் (.303 என்பது அங்குலக் கணக்கில் குண்டின் அளவு). ஒன்று ராணுவத்திலிருந்து வந்தபடியே இருக்கிறது. மற்றது வேட்டைக்காக மரத்தை வெட்டிக் குறைத்தது.

காட்டில் தூக்கி நடக்க மாற்றியதே சுகம். குழலின் நுனிவரை போர்த்தியிருந்த மரம் போனதால் எடை குறைவு, விலையும் மலிவு. இது கள்ளத்தனமான வேலையும் அல்ல; இரண்டாம் உலகப் போருக்குப் பின் பர்மிங்காமின் பார்க்கர்-ஹேல் நிறுவனமே இப்படி மாற்றி விற்றது.

மாற்றாததன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டின் கைப்பிடிப் பின்புறம் பொறித்த எண்ணும் துப்பாக்கியின் உடலில் உள்ள எண்ணும் ஒன்றே; அதாவது பாகம் மாறாத ஜோடி. சேகரிப்பவர்கள் பணம் கொடுப்பது இதற்குத்தான். மரத்தை மட்டும் குறைத்திருந்தால் பழைய மரத்தைத் தேடிப் பூட்டிவிடலாம். குழலை அறுத்துவிட்டால் போனது போனதுதான். காரைக்குடிப் பழம்பொருள் கடையில் பர்மாத் தேக்குக் கதவை அறுத்து டீப்பாய் ஆக்கியிருப்பதைப் பார்த்தால் வரும் அதே எரிச்சல் எனக்கு.

நம் ஊரில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. .303 தடை செய்யப்பட்ட ரகம். உரிமம் உள்ளவர்கள் வைத்திருப்பது .315 ரகம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடும் அதன் 1991 திருத்தத்தோடும் வேட்டையும் முடிந்தது.

"மான் வேட்டைக்கென்றால் ஏற்கெனவே வெட்டியதை வாங்கு. முழுதாக இருப்பதில் ரம்பத்தை வைக்காதே" என்று எழுதினேன்.

இரண்டையும் வாங்கிவிட்டானாம்.