நாடுகளின் சிமென்ட்டை எந்தக் கோலால் அளப்பது?

எந்த நாடு சூழலுக்குக் குறைந்த கேடு செய்து சிமென்ட் தயாரிக்கிறது என்று வரிசைப்படுத்தும் வேலை எனக்கு வந்தபோது, மூன்று வழிகள் இருந்தன. ஒரு டன் சிமென்ட்டுக்கு எத்தனை கிலோ கரியமிலவாயு என்று வகுத்துப் பார்ப்பது ஒன்று. மற்ற இரண்டும் டி.இ.ஏ. (Data Envelopment Analysis), எஸ்.எஃப்.ஏ. (Stochastic Frontier Analysis) எனப்படும், உள்ளீட்டையும் வெளியீட்டையும் வைத்துத் திறனை அளக்கும் கணக்குமுறைகள். நான் டி.இ.ஏ.வை எடுத்தேன். இன்று கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

வகுத்துப் பார்ப்பது யாருக்கும் புரியும். ஒரே ஆலையை வருடா வருடம் ஒப்பிட அதுவே போதும். எஸ்.எஃப்.ஏ. புள்ளிவிவரப் பிழையையும் உண்மையான திறன்குறைவையும் பிரித்துக் காட்டப் பார்க்கும். டி.இ.ஏ.வுக்கு அந்தப் பலம் இல்லை. ஆனால் எஸ்.எஃப்.ஏ.வில் உற்பத்திச் சார்பின், அதாவது உள்ளீடு எப்படி உற்பத்தியாகிறது என்று சொல்லும் சூத்திரத்தின், வடிவத்தை நாமே முன்கூட்டித் தீர்மானிக்க வேண்டும். எஸ்.எஃப்.ஏ.வை ஒரே தடவைதான் ஓட்டிப் பார்த்தேன் என்பதால் அடித்துப் பேச மாட்டேன்.

டி.இ.ஏ. 1978-இல் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் மூவரும் தந்த முறை. இருப்பவற்றில் சிறந்த நாடுகள் சேர்ந்து ஓர் எல்லைக்கோடு வரையும். மற்றவை அதிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பதே மதிப்பெண். பின்னால் வந்த வடிவங்களில் கரியமிலவாயுவை வேண்டாத வெளியீடாகவே உள்ளே வைக்கலாம். சிமென்ட்டுக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 44 கிலோ கரியமிலவாயுவாகப் போய்விடும். சூளை எவ்வளவு புதிதானாலும் இந்தக் கணக்கு மாறாது. வாயுவைப் பிடித்து அடைக்காதவரை, கிளிங்கரை, அதாவது சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டுக் கிடைக்கும், பிறகு சிமென்ட்டாக அரைக்கப்படும் கட்டிகளை, குறைப்பதுதான் வழி.

என் முடிவைத் தீர்மானித்ததும் கிளிங்கர்தான். பங்களாதேஷில் சுண்ணாம்புக்கல் வளம் மிகக் குறைவு. கிளிங்கரைப் பெரும்பாலும் கப்பலில் இறக்கி அரைக்கிறார்கள். சூளை இல்லாத இடத்தில் புகையும் இல்லை. டன்னுக்கு இத்தனை கிலோ என்று வகுத்தால் அந்த நாடு முதலிடத்துக்கு வந்துவிடும். கிளிங்கரை ஏற்றுமதி செய்யும் வியட்நாமுக்கோ நேர்மாறு: வாயு முழுக்க அதன் கணக்கில் ஏறும், அனுப்பிய சரக்கு சிமென்ட் டன்னில் வராது. அங்கே சுட்டதற்கு இங்கே நல்ல பெயர் என்றால் அது அநியாயம். டி.இ.ஏ.வில் இதைச் சரிசெய்ய இடமிருக்கிறது. வாங்கிய கிளிங்கரை உள்ளீடாகவும், விற்றதை வெளியீடாகவும் வைத்தேன். இதைச் செய்யாமல் விட்டால் டி.இ.ஏ. இன்னும் மோசம். அரைக்க மட்டும் செய்யும் நாடு எல்லைக்கோட்டில் ஏறி நின்று, மற்ற நாடுகளின் மதிப்பெண்ணையும் கீழே இழுத்துவிடும்.

இன்னொரு சிக்கலை எந்த முறையும் தானாகப் பிடிக்காது. அமெரிக்காவில் கிளிங்கருக்குப் பதிலாகப் போடும் நிலக்கரிச் சாம்பலையும் இரும்பு உலைக் கசடையும் பெரும்பாலும் கான்கிரீட் கலக்கும் இடத்தில் சேர்க்கிறார்கள். பல நாடுகளில் சிமென்ட் ஆலையிலேயே சேர்த்துவிடுகிறார்கள். அதனால் அமெரிக்க சிமென்ட்டில் கிளிங்கர் விகிதம் கூடுதலாகத் தெரியும். அந்தச் சாம்பலையும் கசடையும் வெளியீட்டு டன்னில் சேர்த்துக்கொண்டால்தான் ஒப்பீடு நியாயமாகும்.

அப்புறம், நாடுகள் குறைவாக இருந்து மாறிகளை அள்ளிப் போட்டால் பாதிப்பேர் முழு மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். மாறிகளின் எண்ணிக்கையைப்போல் மூன்று மடங்காவது நாடுகள் வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. எரிபொருள், மின்சாரம், வாங்கிய கிளிங்கர் மூன்றும் உள்ளீடு. சிமென்ட், விற்ற கிளிங்கர், கரியமிலவாயு மூன்றும் வெளியீடு. ஆக 18 நாடுகளுக்குக் குறையக்கூடாது. ஆள்பலத்தைச் சேர்க்க ஆசைதான், இதற்காகவே விட்டேன். பிறகு எல்லைக்கோட்டில் நின்ற நாடுகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். எதை எடுத்தால் வரிசை தலைகீழாகிறதோ, அந்த நாட்டின் கிளிங்கர் கணக்கை முதல் வரியிலிருந்து மீண்டும் சரிபார்த்தேன்.